இரண்டாவது கயிறு

அத்தியாயம் 9

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு டோலினா உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் அப்பா பெட்டிக்குள் கிடந்தார்.

வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கையைத் துடைத்தவர், துணி கையில் இருக்கும்போதே போய்விட்டார். பேர் காலம் இயான் மக்ளவுட். எண்பத்தெட்டு வயது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறையெல்லாம் காற்றின் மேல்தான். அன்றைக்கே எழும்பிய வடமேற்குக் காற்று தீவுக்கு வரும் கப்பலை எதிர்க்கரையில் கட்டிப் போட்டது. கிளாஸ்கோவிலிருந்து கிளம்பிய சொந்தக்காரர்கள் முப்பது பேர் துறைமுகத்தில் காருக்குள் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் ஈவர் மட்டும் வெள்ளிக்கிழமை இறங்கிய ஒரே விமானத்தில் இடம் பிடித்து வந்து சேர்ந்தான். போதாததற்கு இன்றைக்கு அப்பாவின் அடக்கம் நடக்கிற அதே பன்னிரண்டு மணிக்கு நகரத்தில் ஒரு பெரிய படகுக்காரருக்கும் அடக்கம். சுற்று ஊர்கள் மொத்தமும் அங்கே போகின்றன.

அவர்கள் ஊரான ஹாலஸ்டாவில் மிச்சம் பதினோரு ஆண்கள். அதில் இரண்டு பேருக்கு இடுப்பெலும்பு மாற்றியிருக்கிறது.

அப்பா கேட்டதோ ஒன்றே ஒன்று. "என்னை வண்டியில ஏத்தாதீங்க. அந்த ரோடு நான் போட்டது. தூக்கிட்டுப் போங்க."

முப்பத்தெட்டு வருஷம் தார் காய்ச்சியவர். வீட்டு வாசலிலிருந்து இடுகாட்டுச் சுவர் வரை ஒன்றே முக்கால் மைல், ஒவ்வொரு சல்லியும் அவர் கை பட்டது. முழங்கைக்குக் கீழே தார் தெறித்த தழும்புகளோடுதான் பெட்டிக்குள் போயிருக்கிறார்.

ஈவர் வந்து அடுப்பருகே நின்றான். அறுபத்தொரு வயது. ஒரு காலத்தில் இவன் வாயைத் திறந்தால் பன்னிரண்டாயிரம் பேர் சேர்ந்து பாடுவார்கள். இப்போது தேநீர்க் கோப்பை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அலமாரியைத் திறந்து திறந்து மூடினான்.

"எத்தனை பேரு?"

"நேத்து எத்தனையோ அத்தனைதான். பதினொண்ணு."

"அவ்வளவு தூரம் பதினோரு பேரால தூக்க முடியாது டோலி."

"கணக்கு எனக்கும் வரும்ணே."

"திங்கக்கிழமை வச்சா?"

"குழி நேத்தே வெட்டியாச்சு. ஞாயித்துக்கிழமை, கர்த்தரோட நாள் பூரா அது வாயைப் பொளந்துட்டுக் கிடக்கணுமா? அப்பாவே எழுந்து போய் மூடிட்டு வருவாரு."

ஈவர் சிரிக்கவில்லை. "அப்ப வண்டிதான்."

டோலினா கத்தியைக் கீழே வைத்தாள். இருபத்தாறு வருஷம் தொழிற்சாலையில் சால்மன் மீன் அறுத்த கை. கத்தியைச் சும்மா வைத்தாலும் சத்தம் கேட்கும்.

"கீழ நாப்பத்தி மூணு பேர் இருக்காங்க."

"வேணாம்."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லவே இல்ல."

"நீ சொல்லப் போறது தெரியும். அவங்க என்னைப் பார்க்க வந்தவங்க. பெட்டிக்குப் பின்னாடி நான் நடக்கறதைப் படம் எடுப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள பாதி உலகம் பார்த்துடும். இன்னைக்கு ஒரு நாளாவது அது அப்பாவோட நாளா இருக்கட்டும்."

"உன்னைப் பார்க்க வந்தாங்களா? நீதான் ஆறு வருஷமா இந்தப் பக்கமே வரலையே. அவங்க வருஷா வருஷம் வந்தாங்க. அடுப்புக்கு எரிமண் வெட்டி அடுக்கினது யாரு? கூரைத் தகரம் பறந்தப்ப மேல ஏறினது யாரு? நீயா?"

அவன் இன்னொரு அலமாரியைத் திறந்தான். அங்கேயும் கோப்பை இல்லை.

வீட்டுக்குக் கீழே கடலோரப் புல்வெளி. பதினோரு வருஷத்துக்கு முன் முயிர்லான் குழு கடைசியாகப் பாடியது அங்கேதான். ஏற்றத்தின் உச்சியில் நிற்கிற கடலுக்கு அந்தத் தீவின் மொழியில் அதுதான் பேர். ஈவர் பாட்டு, ஃபின்லே மக்காஸ்கில் பிடில். முப்பத்தொரு வருஷம் இரண்டு பேரும் ஒரே வேனில் உலகம் சுற்றினார்கள். அன்றைக்குக் கடைசிப் பாட்டு முடிந்ததும் ஈவர், "இதோட முடிச்சுக்கறோம்" என்று மேடையில் சொன்னான். ஃபின்லேயிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. கூட்டத்தோடு கூட்டமாகத்தான் அவனும் அதைக் கேட்டான். பிடிலைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டுப் போனவன் அதற்குப் பிறகு ஈவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனைக்கும் இங்கிருந்து பன்னிரண்டு மைல் தள்ளித்தான் அவன் வீடு.

ரசிகர்கள் மட்டும் விடவில்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் அதே வாரம் டென்மார்க், ஜெர்மனி, கனடா என்று கிளம்பி வந்து, மேடை இல்லாத அந்தப் புல்லில் கூடாரம் அடித்துப் பழைய பாட்டுகளைப் பாடிவிட்டுப் போவார்கள். அப்பா அந்தப் பாட்டுகளில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. தேவாலயச் சங்கீதம் தவிர மற்றதெல்லாம் அவருக்கு இரைச்சல். ஆனால் புல்லை அவர்களுக்கு விட்டார். ஒரே நிபந்தனை, ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடக் கூடாது. முதல் வருஷம் போர்கே என்கிற டேனிஷ் வெல்டர் காயப்போட்டான். அப்பா இறங்கிப் போய் எல்லாவற்றையும் உருவி, ஜட்டி உட்பட மடித்து, கூடார வாசலில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்தார். மறுநாள் போர்கே வந்து டிராக்டரின் புகைக்குழாயை ஒட்ட வைத்துக் கொடுத்தான். அதோடு சரியாகிப் போனது.

டோலினாவின் மேலங்கிப் பையில் ஒரு காகிதம் இருந்தது. நேற்று அப்பாவின் பைபிளுக்குள் அகப்பட்டது. பெட்டியைக் குழியில் இறக்க எட்டுக் கயிறு, எந்தக் கயிறு யாருக்கு என்று அவர் கையால் எழுதிய எட்டுப் பெயர். தலைமாட்டில் முதல் கயிறு ஈவருக்கு. இரண்டாவது, அதற்கு நேர் எதிரே கால்மாட்டில் நிற்க வேண்டியது, ஃபின்லேக்கு.

அந்த ஒரு பெயரை மட்டும் அவள் அண்ணனிடம் சொல்லவில்லை. 'ரெண்டாவது இன்னும் முடிவாகல' என்று சமாளித்துவிட்டாள். ஃபின்லேக்குச் செய்தி அனுப்பினாள். பதில் வரவில்லை.

கதவு படாரென்று திறந்தது. டோலினாவின் மகள் மார்சலி, கடலில் சால்மன் வளர்க்கிற கூண்டுப் படகில் வேலை செய்கிறவள், ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே உள்ளே வந்தாள்.

"மாமா, உங்க ரசிகருங்க ஏணியைத் தூக்கிட்டுத் திரியறாங்க."

"என்னது?"

"அஞ்சு மணியிலேர்ந்து. ஏணி மேல எரிமண் மூட்டை கட்டியிருக்காங்க. தாத்தா எவ்வளவு கனம்னு போர்கே கேட்டாரு. பெட்டியோட சேர்த்து மூணு தீவன மூட்டைன்னு சொன்னேன். கொஞ்சம் கூடவே இருக்கட்டும்னு நாலு வச்சிருக்காரு."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

மார்சலி பூட்ஸைப் பார்த்தாள். "தார் மர்டோ பக்கத்துல நின்னு திட்டிட்டு இருக்காரு."

ஈவர் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினான். அவன் நடையைப் பார்த்ததுமே டோலினா அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினாள்.

காற்று அடங்கியிருந்தது. புல்வெளியில் இரண்டு வரிசையாக நாற்பது பேர். நடுவே ஏணி நகர்ந்து வந்தது. அப்பாவோடு தார் போட்ட மர்டோ கைத்தடியை ஆட்டிக்கொண்டு கூடவே நடந்தார்.

"விடு! விடுங்கறேன்ல! முன்பிடியில பத்தடி, நடுப்பிடியில பத்தடி, பின்பிடியில பத்தடி. அப்புறம் விட்டுட்டு ஓரமாப் போ!"

போர்கே பின்பிடியை விடாமல் நடந்துகொண்டிருந்தான். ஆறரை அடி ஆள். "சீக்கிரம் விட்டா மரியாதை இல்லாத மாதிரி இருக்கே."

"அடேய், நீ விட்டாத்தான் பின்னாடி நிக்கறவனுக்குக் கிடைக்கும். அதுதான்டா மரியாதை. மொத்தப் பெட்டியையும் நீயே கட்டிப் புடிச்சுட்டுப் போறதுக்கு இது என்ன உன் பொண்டாட்டியா?"

யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் ஈவரைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. ஏணியை மெதுவாகத் தரையில் வைத்தார்கள்.

ஒருவரும் கிட்டே வரவில்லை. கையெழுத்துக் கேட்கவில்லை. அவர்களைப் பார்த்த ஈவருக்கு முதலில் என்னவோ கோணலாகப் பட்டது. பிறகு புரிந்தது. எல்லோருடைய கறுப்பு மழை ஜாக்கெட்டும் உள்பக்கம் வெளியே திரும்பியிருந்தது. தையல் தெரிந்தது. துவைக்கும் விதம் அச்சடித்த வெள்ளைத் துணித்துண்டு ஒவ்வொரு இடுப்பிலும் தொங்கியது.

"ஜாக்கெட் ஏன் இப்படி?"

"கறுப்புல எங்ககிட்ட இது ஒண்ணுதான் இருக்கு" என்றான் போர்கே. "முதுகுல முயிர்லான்னு பெருசா எழுதியிருக்கு. இன்னைக்கு அது வேணாம்."

"போன் எல்லாம்?"

ஜெர்மனியின் பிரேமனிலிருந்து வந்த நர்ஸ் அன்கே கூடாரத்துக்குள் போய் ஒரு பால் வாளியைத் தூக்கி வந்து அவன் முன்னால் வைத்து, மூடியைத் திறந்து காட்டினாள். நாற்பத்து மூன்று போன். அதில் ஒன்று அடித்துக்கொண்டிருந்தது. "என் மாமியார்" என்று சொல்லி மூடியைப் போட்டாள்.

ஈவருக்கு வந்த கோபம் போக இடம் தெரியாமல் நின்றது. "எனக்காக இதெல்லாம் செய்ய வேண்டாம்."

போர்கே கொஞ்சம் யோசித்தான். "முதல் வருஷம் உங்களுக்காகத்தான் வந்தோம். அப்புறம் நீங்க வர்றது நின்னு போச்சு. நாங்க வந்துட்டுத்தான் இருந்தோம்." கையிலிருந்த எரிமண் தூளைத் தட்டினான். "என் சம்சாரம் செத்த வருஷம் தனியா வந்தேன். ரெண்டு நாள் கூடாரத்தை விட்டு வெளிய வரல. உங்க அப்பா ஒண்ணும் கேக்கல. மூணாம் நாள் காலையில மண்வெட்டியைக் கொண்டாந்து கையில குடுத்துட்டு முன்னாடி நடந்தாரு. சாயங்காலம் வரைக்கும் வெட்டினோம். பேச்சே இல்ல. உங்க பாட்டு இல்லேன்னா இப்படி ஒரு ஊர் இருக்கறதே எனக்குத் தெரிஞ்சிருக்காது. அது உங்க புண்ணியம். ஆனா மண்வெட்டி குடுத்தது அவரு."

ஈவர் கடலைப் பார்த்தான். ஆறு வருஷத்தில் தன் கையில் அப்பா எதுவும் கொடுக்கவில்லை என்று சொல்ல வந்தான். வாங்குவதற்கு யார் வந்தார்கள்?

குனிந்து ஏணியின் முன்பிடியைப் பிடித்தான்.

"பிடி மாத்தறப்ப கையைக் கீழேர்ந்து குடுங்க" என்றான். "மேலேர்ந்து குடுத்தா விரல் மாட்டிக்கும். எங்க, இன்னொரு தரம்."

மர்டோ தடியால் வரிசையை எண்ணினார். "நாப்பத்தி மூணு. சோடி சேராது. ஒருத்தன் ஒத்தையா நிப்பான்."

"கடைசியில நான் நிக்கறேன்" என்றான் போர்கே.

"பொம்பளைங்களும் இருக்கீங்க போல?"

"இருக்கோம்" என்றாள் அன்கே.

மர்டோ அவளை மேலும் கீழும் பார்த்தார். இந்த ஊரில் பெண்கள் பெட்டி தூக்கியதில்லை. "கை இருக்கா?"

"ரெண்டு இருக்கு."

"அது போதும்."

பன்னிரண்டு மணிக்கு வீட்டு வாசலில் போதகர் ஜெபம் முடித்தார். பெட்டியைக் கைப்பிடி வைத்த மரச்சட்டத்தில் ஏற்றினார்கள். முன்னால் ஊர்க்காரர்கள், அவர்களோடு மார்சலி. பின்னால் உள்பக்கம் திரும்பிய ஜாக்கெட்டுகள், அப்போது விழுந்த தூறலுக்குத் தலைமூடியைப் போட்டுக்கொண்டு.

யாரும் உத்தரவு போடவில்லை. பெட்டி நகர்ந்தது.

டோலினா பின்னால் நடந்தாள். கேட்டதெல்லாம் பூட்ஸ் சத்தம் மட்டும்தான். முன்பிடி, நடுப்பிடி, பின்பிடி. விட்டவர் ஓரமாக ஒதுங்கி, பெட்டி கடந்ததும் வரிசையின் வாலுக்குப் போய் நின்றார். மார்சலி தன் முறை வந்ததும் தீவன மூட்டை எடுக்கிறவள் மாதிரி இயல்பாகக் கை கொடுத்தாள். அன்கே பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு கனடாக்காரக் கிழவருக்குக் கால் தடுமாறியது. அடுத்த முறைக்கு நின்றவர் கீழிருந்து கை கொடுத்துப் பிடியை வாங்கிக்கொண்டார். பெட்டி அசையவில்லை.

ஆடுகள் தாண்டாமலிருக்க ரோட்டின் குறுக்கே பதித்த இரும்புக் கம்பிகளின் மேல் மர்டோ காலையிலேயே பலகை போட்டிருந்தார். அதைத் தாண்டியதும் ரோட்டில் ஒரு பெரிய குழி. பெட்டி அதைச் சுற்றிக்கொண்டு போனது. அப்பா இருந்திருந்தால் சட்டத்தை நிறுத்திவிட்டுக் குழியை அடைத்திருப்பார்.

வளைவில் வரிசை திரும்பும்போது டோலினா தற்செயலாக வாலைப் பார்த்தாள். கடைசியில் போர்கே ஒற்றையாக இல்லை. பக்கத்தில் தலைமூடி போட்ட ஒருவர் நடந்தார். மார்சலி முன்னால் இருக்கிறாள். அப்படியானால் இது யார்? சோடி சேர்ந்திருந்தது. அவள் மறுபடி எண்ண ஆரம்பிப்பதற்குள் இடுகாடு வந்துவிட்டது.

ஒரு தடவைகூடப் பெட்டி தரையைத் தொடவில்லை.

குழி மணலில் வெட்டியது. ஓரங்களில் பலகை வைத்து நிறுத்தியிருந்தார்கள். டோலினா காகிதத்தை மர்டோவிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார்.

"ஒண்ணு, ஈவர்."

ஈவர் தலைமாட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டான்.

மர்டோ இரண்டாவதைப் பார்த்தார். தாண்டிவிட்டார். "மூணு, நான். நாலு…" பெயர்கள் நடந்தன. ஆறாவது, "போர்கே, டென்மார்க்." போர்கே முன்னால் வந்தான். உள்ளங்கையைக் கால்சட்டையில் இரண்டு தரம் துடைத்துவிட்டுக் கயிற்றைத் தொட்டான். எட்டு வரை முடிந்தது.

கால்மாட்டில் ஒரு கயிறு மணலில் கிடந்தது.

"ரெண்டு யாருக்கு?" என்றான் ஈவர்.

மர்டோ டோலினாவைப் பார்த்தார்.

"எனக்கு நேத்தே தெரியும்ணே" என்றாள் அவள். "அப்பா எழுதி வச்சிருக்காரு. ஃபின்லே."

ஈவரின் முகம் இறுகியது. கயிறு கையில் முறுகியது. "ஏன்?"

"அவரைத்தான் கேக்கணும்."

"வரலையே அவன்."

போதகர் புத்தகத்தைத் திறப்பதா வேண்டாமா என்று நின்றார்.

ஜாக்கெட்டுகளின் வாலிலிருந்து ஒரு ஆள் நகர்ந்து முன்னால் வந்தான். போர்கேயோடு சோடி சேர்ந்து நடந்தவன். ஜாக்கெட் அவனுக்குப் பெரியது, சட்டைக்கை விரல் வரை தொங்கியது. தலைமூடியைத் தள்ளினான். நரைத்த தாடி, தாடைக்குக் கீழே நாற்பது வருஷம் பிடில் பதிந்த கறுத்த தடம்.

ஃபின்லே குனிந்து இரண்டாவது கயிற்றை எடுத்தான்.

அவன் தங்களோடு நடக்கிறான் என்று அந்த நாற்பத்து மூன்று பேருக்கும் பெட்டி கிளம்பியபோதே தெரிந்திருக்க வேண்டும். பதினோரு வருஷமாக அவர்கள் ஆசைப்பட்டது இந்த இரண்டு பேரையும் எதிரெதிரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதுதான். அதற்காகவே கடல் தாண்டி வந்து கொண்டிருந்தார்கள். டோலினா திரும்பிப் பார்த்தாள். ஒருவர்கூட இவர்களைப் பார்க்கவில்லை. கயிறு பிடித்த போர்கே தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் முதுகைத் திருப்பி, கடலைப் பார்த்து நின்றார்கள். அன்கேயின் தோள் மட்டும் குலுங்கியது.

பெட்டியைத் தாங்கிய குறுக்குப் பலகைகளை எடுத்தார்கள். அப்பாவின் கனம் எட்டுக் கயிற்றிலும் இறங்கியது.

பெட்டியின் நீளத்துக்கு இந்தப் பக்கம் ஈவர், அந்தப் பக்கம் ஃபின்லே. கண்கள் சந்தித்தன. மேடையில் பாட்டு ஆரம்பிக்கும் முன் இருவரும் அப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள் என்று டோலினாவுக்கு ஞாபகம் வந்தது.

"இறுக்கிப் பிடி" என்றான் ஈவர். "கால்மாடு முந்தி இறங்கிடக் கூடாது."

"தெரியும்" என்றான் ஃபின்லே.

பெட்டி கோணாமல் இறங்கியது.

மண்ணை ஊர்க்காரர்கள் தள்ளினார்கள். மண்வெட்டி கை மாறி மாறிப் போனது. ஒரு கட்டத்தில் ஈவர் கையிலிருந்து போர்கே கைக்குப் போனது. கீழிருந்துதான் வாங்கினான்.

வீட்டுக்குத் திரும்பியதும் டோலினா ஆட்டுக்கறி சூப்பை ஊற்ற ஆரம்பித்தாள். ரசிகர்களுக்கென்று நாற்பத்து மூன்று கிண்ணம் வைத்திருந்தாள். ஒன்று குறைந்தது. அப்பாவின் கிண்ணத்தைக் கழுவி எடுத்து ஃபின்லேக்கு ஊற்றினாள்.

அவன் ஒரு வாய் குடித்துவிட்டு உப்பு ஜாடியைத் தேடினான். "உங்க அப்பாவும் இப்படித்தான். நான் சூப் வச்சா, உப்பு பத்தலன்னு திட்டுவாரு."

"எப்ப?"

"புதன்கிழமைதோறும். போன புதன்கூட."

டோலினாவின் கரண்டி பானைக்குள் நின்றது. புதன்கிழமை என்றால் பத்து மணி பஸ். நகரத்தில் கால் வைத்தியரிடம் காட்டிவிட்டு, மூன்று மணி பஸ்ஸில் அப்பா திரும்பி வருவார். பதினோரு வருஷம். பஸ் நிறுத்தம் வரை அவளே கொண்டுபோய் விட்டிருக்கிறாள். மழையில் நனைந்த காலுறையை மாற்றிவிட்டிருக்கிறாள்.

"கால் காட்டப் போறேன்னு சொல்வாரே!"

"அவரு காலுக்கு என்ன? நல்லாத்தானே இருந்துச்சு. என் வீட்டு வாசல்ல இறங்கிக்குவாரு."

வாசல்படியில் ஈவர் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கையிலும் நெற்றியிலும் குழி மணல்.

"அங்க வந்து என்ன பண்ணினாரு?" என்றான்.

ஃபின்லே ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் தோய்த்தான்.

"வா, உக்காரு" என்றான். "நின்னுக்கிட்டுக் கேக்கற விஷயம் இல்ல அது."